குறுக்கே நின்ற படகு

கடலோரமாக நாலு நாள் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகலாம் என்று தன் வீட்டு மாடி அறைக்கு வாடகைக்கு வருகிறவர்களிடம் அண்ணி முதலிலேயே சொல்லிவிடுவாள்.

"காலைச் சாப்பாடு முடியற வரைக்கும் இந்த இடம் சொர்க்கம். அதுக்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரன் சுத்தியலைக் கையில எடுத்துடுவான். தெரிஞ்சுக்கிட்டு பையைப் பிரிங்க."

பக்கத்து வீடு என்று அவள் சொல்வது, கடல் நீர் உள்ளே புகுந்து தேங்கும் கழியின் வடகரையில் மாடி மேல் மாடியாக எழும்பிக்கொண்டிருந்த ஓட்டலை. ஏற்கெனவே இரண்டு கட்டடம் முடிந்து ஆட்கள் தங்கத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவதற்குத் தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் ஓங்கி அடிக்கும்போதெல்லாம் அண்ணி வீட்டு அலமாரியில் இருக்கும் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அந்த வருஷம் வெயில் காலத்தில் மாடி அறைக்கு வந்திருந்த டெலிபோன் அம்மா, முதல் நாளே தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நெஞ்சில் அறுவைச் சிகிச்சை முடிந்து, டாக்டர் கடல் காற்று வாங்கச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"டாக்டர் சத்தம் கூடாதுன்னாரு. இங்க என் நெஞ்சுக்குள்ளயே ஆணி அடிக்கிறாங்க."

"கழிக்குள்ள போயிட்டு வாங்க. அங்க இந்தச் சத்தம் பாதிதான் கேக்கும். எங்க வீட்டுக்காரர் கூட்டிட்டுப் போவாரு. ஆனா ஒண்ணு, அவசரப்படுத்தாதீங்க. அவரு பேரே நிதானம்."

நிதானம் அவர் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. சாப்பிடுவதிலும் பேசுவதிலும் துடுப்புப் போடுவதிலும் அவருக்கு ஒரே வேகம்தான் என்பதால் தெருவே சேர்ந்து வைத்தது. அண்ணி என்பதும் அப்படித்தான். அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது நிதானத்தின் தம்பி பால்பல் விழாத பிள்ளை. பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டிருந்தார்கள். வந்த அன்றே அவள் கையைப் பிடித்துக்கொண்டு "அண்ணி, அண்ணி" என்று தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் காட்டினான். மளிகைக்கடைக்காரர், மீன்காரி, பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று அத்தனை பேருக்கும் அன்றிலிருந்து அவள் அண்ணி ஆகிவிட்டாள். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "ஒண்ணு இருக்கே, அதுக்கே என்னால சோறு போட்டு முடியல" என்பாள்.

அந்தச் சின்னவன் இப்போது ஓட்டலின் விசைப்படகு ஓட்டுகிறான். வெள்ளைச் சட்டை, தோளில் நீலப் பட்டை, கறுப்புக் கண்ணாடி. ஓட்டலில் அவனைக் கேப்டன் என்று கூப்பிடுகிறார்கள். வீட்டில் அந்தச் சட்டையை அண்ணிதான் தேய்த்துக் கொடுப்பாள். "கப்பல் ஒண்ணுதான் பாக்கி" என்று காலரைத் தட்டிவிட்டு அனுப்புவாள்.

வீட்டுக்கு முன்னால் கழி. கழிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு. வெயில் காலத்தில் அந்தத் திட்டுக்கு ஆலாப் பறவைகள் வந்து முட்டையிடும். வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, கத்திரிக்கோல் போல வால். கூடென்று எதுவும் கட்டாது. மணலில் நெஞ்சை வைத்து ஒரு குழி தேய்த்து, அதில் மணல் நிறத்திலேயே முட்டை வைத்துவிடும். முன்பு திட்டு அகலமாக இருந்தது. ஓட்டல்காரர்கள் தங்கள் கரையைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்பிய பிறகு, கடல் அந்தப் பக்கம் தின்ன முடியாததை இந்தப் பக்கம் தின்றது. திட்டு வருஷா வருஷம் மெலிந்தது. ஆலாக்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

நிதானம் டெலிபோன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். திட்டுக்கு நல்ல தூரத்திலேயே துடுப்பைத் தூக்கிவிட்டார். படகு தானாக மிதந்து போய் நின்றது.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போகக் கூடாதா?"

"போகலாம்மா. போனா எந்திரிச்சுடும். இந்த வெயில்ல அது ஏன் உட்கார்ந்திருக்குன்னு நினைக்கிறீங்க? முட்டைக்குக் குடை பிடிக்குது. அது நகர்ந்தா முட்டை வெந்துடும்."

டெலிபோன் அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒரு பறவை எழுந்து போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தது. அது வரும் வரைக்கும் இன்னொன்று அந்த இடத்தில் இறக்கையை விரித்து நின்றது. ஈர வயிற்றோடு வந்தது மெதுவாக முட்டையின் மேல் அமர்ந்தது.

"என் வீட்டுக்காரர் இருந்த காலத்துல ஒரு தரம்கூட எனக்காக இப்படி எந்திரிச்சதில்லை" என்றாள் டெலிபோன் அம்மா. நிதானம் சிரித்தார். அவர் சிரிப்பு முடிய நேரமாகும். அது முடிவதற்குள் விசைப்படகின் சத்தம் வந்துவிட்டது.

திட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு குறுகலான வாய்க்கால். விசைப்படகு அதன் வழியாக நேராகத் திட்டை ஒட்டி வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கைபேசியைத் தயாராகப் பிடித்திருந்தார்கள். சின்னவன் ஹாரனை அடித்தான், நீளமாக. திட்டு அப்படியே எழுந்து வானத்துக்குப் போனது போல இருந்தது. அத்தனை ஆலாக்களும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு மேலே சுழன்றன. படகில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அழகான காட்சிதான், டெலிபோன் அம்மாவே ஒரு கணம் வாயைப் பிளந்துவிட்டாள். விசைப்படகு திரும்பிப் போன பிறகும் பறவைகள் உடனே இறங்கவில்லை. அவை சுற்றிக்கொண்டிருக்கும்போதே காக்கைகள் இறங்கின. ஓட்டல் சமையலறைக் குப்பை வந்ததிலிருந்து அந்தப் பக்கம் காக்கை பெருத்துவிட்டது.

நிதானம் துடுப்பை எடுத்தார். திரும்பும்போது, காக்கை கொத்திப் போட்ட ஒரு குஞ்சு தண்ணீர் விளிம்பில் கிடப்பதைப் பார்த்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் சின்னவன் சீக்கிரமே வந்துவிட்டான். அண்ணி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் எண்ணெய் பொரிகிற சத்தத்தில் அண்ணன் பேச ஆரம்பித்தது அவளுக்கு முதலில் கேட்கவில்லை.

"ஹாரன் அடிக்காம போகக் கூடாதாடா?"

"அடிக்காம போனா அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்ணே. உட்கார்ந்திருக்கறதைப் பார்க்க யாரு வருவாங்க?"

"என்கூட வர்றவங்க பார்க்குறாங்களே."

"உன்கூட யாரு வர்றாங்க? நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு அம்மா. என் படகுல சின்னப் பிள்ளைங்க வருதுங்க. மொத்தமா பறக்குறதைப் பார்த்ததும் அதுங்க மூஞ்சியைப் பார்க்கணுமே. அது மட்டும் தப்பா?"

"ஒரு நாளைக்கு எத்தனை தரம்டா எழுப்புவீங்க? நீ ஒருத்தன் மட்டும்னா பரவாயில்ல. மத்த ஓட்டல் படகும் வருது."

"அதைத்தான் நானும் சொல்றேன். நான் நிறுத்துனா இன்னொருத்தன் அடிப்பான். நான் மட்டும் நல்லவனா இருந்து என்ன ஆகப் போகுது?"

நிதானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "குஞ்சு செத்துக் கிடக்குதுடா. இன்னிக்கு நானே பார்த்தேன்."

"நீ மீன் பிடிக்கலையா? நம்ம தட்டுல கிடக்குறது என்ன?" என்றான் சின்னவன், மீனைக் காட்டி.

அண்ணி கரண்டியோடு வந்து நின்றாள். "டேய், சாப்பிடும்போது என்ன வழக்கு? வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு." பிறகு கணவனைப் பார்த்து, "நீங்களும்தான்" என்றாள். பெரிய துண்டைச் சின்னவன் தட்டில் வைத்தாள். அது எப்போதும் நடப்பதுதான். நிதானம் தன் தட்டைச் சற்று நகர்த்தி அவனுக்கு இடம் விட்டார். அதுவும் எப்போதும் நடப்பதுதான்.

மறுநாள் நிதானம் யாரிடமும் சொல்லாமல் படகை எடுத்துக்கொண்டு போனார். வாய்க்காலின் குறுகலான இடத்தில், முன்னும் பின்னும் நங்கூரம் போட்டு, படகைக் குறுக்காக நிறுத்தினார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. முதலில் வேறொரு ஓட்டலின் படகு வந்தது. ஓட்டி வந்தவன் கையை ஆட்டிக் கத்திப் பார்த்தான். இவர் அசையவில்லை. அவன் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனான்.

அடுத்து வந்தது சின்னவனின் படகு.

கரையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்ணி மோதிய சத்தத்தைத்தான் கேட்டாள். தூண் இறக்குகிற சத்தம் என்று முதலில் நினைத்தாள். அப்புறம்தான் இயந்திரம் அன்று ஓடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவள் கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தபோது சின்னவன் தண்ணீருக்குள் இருந்தான். அண்ணனைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். நிதானத்தின் படகு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மிதந்து போய்க்கொண்டிருந்தது. அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போகக் கூடாத பக்கம் போயிருந்தது.

"அண்ணி, அவனை எந்திரிக்கச் சொல்லுங்க அண்ணி, பேசச் சொல்லுங்க" என்று சின்னவன் அழுதான். அவன் வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். அண்ணி அந்தச் சட்டையைத்தான் கழற்றி வாங்கிக் காலைச் சுற்றிக் கட்டினாள்.

ஆஸ்பத்திரியில் இரும்புத் தகடு வைத்தார்கள். ஒரு பொதுக்கூடம், வரிசையாகக் கட்டில், மேலே கடகடவென்று சுற்றுகிற மின்விசிறி. அண்ணி வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுப்பாள். சின்னவன் வாசல் வரைக்கும் வருவான். உள்ளே வந்தால் அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். அவன் போன பிறகு திறப்பார்.

ஒரு மத்தியானம் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு நிதானம் சொன்னார், "அவன் என்னைப் பார்த்தான்."

"யாரு?"

"சின்னவன். கறுப்புக் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டுப் பார்த்தான். நான் கையைக்கூட ஆட்டல. நேரா வந்தான்."

அண்ணி பாத்திரத்தை மூடியவள் மூடியின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணு கூசிச்சு, தெரியலன்னு சொல்றானே."

"சொல்றான். சொல்லட்டும். நீ வெளியில பேசாதே. உன்கிட்ட மட்டும் சொன்னேன்."

அடுத்த நாள் ஓட்டல் மேலாளர் பழக்கூடையோடு வந்தார். நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, கட்டிலின் ஓரத்தில் நின்றார். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி இவர்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"துறைமுக அலுவலகத்துல இருந்து விசாரணைக்கு வருவாங்க. வேற ஒண்ணும் இல்ல, படகைக் குறுக்க நிறுத்தினது உங்க தப்புன்னு ஒரு வார்த்தை. நிக்கிற படகுன்னு காட்டக் கொடி கட்டல, அதனால தெரியலன்னு. அது பொய்யும் இல்ல பாருங்க, நீங்க கொடி கட்டலதானே? அப்படிச் சொன்னா தம்பிக்கு ஒண்ணும் வராது. இல்லன்னா ஓட்டுற உரிமம் போயிடும். கேஸும் ஆகும். அவன் வயசுக்கு அது எவ்வளவு பெரிய அடி."

"அதுக்கப்புறம் அந்த வாய்க்கால்?" என்று அண்ணி கேட்டாள்.

மேலாளர் சற்றுத் தயங்கினார். "அதுல இனிமே சின்னப் படகு போகக் கூடாதுன்னு வரும்னு நினைக்கிறேன்மா. பாதுகாப்புக்காக. அண்ணனுக்கு வேணும்னா நம்ம ஓட்டல் தோட்டத்துலயே உட்கார்ந்து பார்க்குற வேலையா ஏதாவது பார்க்கலாம்."

நிதானம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லிடுறேன்" என்றார்.

அண்ணி வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். டெலிபோன் அம்மா இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். வேறு யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

டெலிபோன் அம்மா அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அந்தப் பறவைங்க மேல ஆசை வந்துடுச்சு. நிஜமா சொல்றேன். ஆனாலும் சொல்றேன், வாயைத் திறக்காதே. பறவை அடுத்த வருஷம் வரும். கோவிச்சுக்கிட்டுப் போன பிள்ளை வருவானா? எனக்கு ஒருத்தன் இருக்கான். பேசி எத்தனையோ வருஷமாச்சு. நான் சொன்னது நியாயம்தான். நியாயத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றேன் சொல்லு? தனியா உட்கார்ந்து மாத்திரை போட்டுக்கிட்டிருக்கேன்."

அண்ணி தலையாட்டினாள். அப்போது அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது.

விசாரணைக்கு முந்தின நாள், உச்சி வெயிலில், தெருக்காரர் ஒருவரின் படகை இரவல் வாங்கிக்கொண்டு அவள் சின்னவனைக் கூப்பிட்டாள். "துடுப்புப் போடு. திட்டுக்குப் போகணும்."

"இந்த வெயில்லயா? எதுக்கு அண்ணி?"

"போடுறா."

அவன் போட்டான். வாய்க்காலைக் கடக்கும்போது இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். திட்டில் ஏறினால் கால் பொரிந்தது. பறவைச் சத்தம் இல்லை. விபத்து நடந்த அன்று கூட்டமும் மீட்புப் படகும் சுற்றிச் சுற்றி வந்ததில் எழுந்து போன ஆலாக்களில் பெரும்பாலானவை திரும்பவில்லை. தண்ணீர் விளிம்பில் நாலைந்து மட்டும் உட்கார்ந்திருந்தன. இவர்களைக் கண்டதும் அவையும் போய்விட்டன. எங்கு பார்த்தாலும் குழி, குழிக்குள் முட்டை. சிலவற்றைக் காக்கை கொத்தி உடைத்திருந்தது. பஞ்சுப் பந்து போல ஒரு குஞ்சு வாயைத் திறந்தபடியே காய்ந்து கிடந்தது. அண்ணி ஒரு முட்டையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் சூடு தாங்காமல் கையை மாற்றினான்.

"பார்த்தியா?" என்றாள்.

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் அண்ணி."

"இதை இல்ல. அன்னிக்கு. உங்க அண்ணனைப் பார்த்தியா, இல்லையா?"

அவன் முட்டையைக் கீழே வைத்தான். கீழே வைத்த இடத்தில் மணலை விரலால் ஒதுக்கி, அது உருண்டு போகாமல் செய்தான்.

"யாரு சொன்னது? அவனா?"

"நான் உன்னைக் கேக்குறேன்."

"பார்த்தேன்."

அண்ணிக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார முடியாத மணல் அது. நின்றாள்.

"நகருவான்னு நினைச்சேன் அண்ணி. சத்தியமா அவ்வளவுதான். படகுல அத்தனை பேரு பார்த்துக்கிட்டிருக்காங்க. கேப்டன் அண்ணனாமே அந்த ஆளுன்னு ஒருத்தன் சிரிக்கிறான். வேகத்தைக் குறைச்சா அசிங்கமா இருந்துச்சு. எப்பவும் அவன்தானே நகருவான்? சின்ன வயசுல இருந்து நான் எங்க போய் நின்னாலும் அவன் நகர்ந்து இடம் விடுவான். எதுக்காவது முடியாதுன்னு சொல்லியிருக்கானா? அன்னிக்கு மட்டும் ஏன் அப்படி உட்கார்ந்திருந்தான்? கையைத் தூக்கியாவது இருக்கலாம்ல? கடைசியில நான் திருப்பினேன். திருப்பறதுக்குள்ள..."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு அந்த அதிகாரி கேட்டா என்ன சொல்லப் போற?"

"கண்ணு கூசிச்சுன்னு."

"என்கிட்ட உண்மையைச் சொன்னியே."

"நீங்க அண்ணி. உங்ககிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லுவேன்? அது போதாதா?"

அவள் படகை நோக்கி நடந்தாள். திரும்பி வரும்போது துடுப்பு அவள் கையில் இருந்தது.

அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவன் எப்போதும் போல இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டான். சொல்லிவிட்டதில் அவன் பாரம் இறங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. தன் பாரத்தை இறக்கத்தான் அவளுக்கு இடம் தெரியவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். அன்று காலைதான் நிதானத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முன்னறையில் கட்டிலைப் போட்டு, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். சின்னவன் சுவரில் சாய்ந்து நின்றான். புதுச் சட்டை ஓட்டல் கொடுத்தது, மடிப்புக் கலையவில்லை. மேலாளர் வாசலுக்கு வெளியே, கேட்கிற தூரத்தில் நின்றார். அதிகாரி வெயிலில் நடந்து வந்த களைப்போடு ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"நீங்க சொல்லுங்க."

"தப்பு என்னுது" என்றார் நிதானம். "குறுக்க நிறுத்தினேன். கொடி போடல. தம்பிக்குத் தெரிஞ்சிருக்காது."

"எதுக்கு நிறுத்துனீங்க?"

"சும்மா. மீன் பார்க்க."

அதிகாரி சின்னவன் பக்கம் திரும்பினாள். "நீங்க பார்க்கலையா?"

"இல்லைங்க மேடம். வெயில் நேரா கண்ணுல அடிச்சுது."

"சரி." அவள் எழுந்துகொள்ளப் போனாள். எழும்போது வழக்கத்துக்காகக் கேட்பது போலக் கேட்டாள், "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

அண்ணி காலிச் சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அவன் பார்த்தான்" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றார் நிதானம். வாழ்க்கையில் முதல் தடவையாக வேகமாகப் பேசினார். "உனக்கு என்ன தெரியும்? நீ கரையில இருந்த."

"நேத்து திட்டுல வச்சு அவனே சொன்னான். இவரு மீன் பார்க்க நிக்கல. குஞ்சுங்க சாகுதுன்னு நின்னாரு. ஹாரன் அடிச்சு எழுப்ப வர்ற படகை மறிக்க நின்னாரு. இவன் பார்த்தான். நகருவாருன்னு நினைச்சு வந்தான்."

"அண்ணி!" என்றான் சின்னவன். சின்னப் பிள்ளையில் இருட்டில் பயந்து கூப்பிடுவானே, அந்தக் குரல்.

அதிகாரி மறுபடி உட்கார்ந்தாள். "நீங்க வளர்த்த பையன்னு சொன்னாங்க. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"வளர்த்ததாலதாங்க சொல்றேன்." அண்ணி சொம்பைத் தரையில் வைத்தாள். "நாங்கதான் நகர்ந்து நகர்ந்து இவனுக்குப் பழக்கிட்டோம். எல்லாரும் நகருவாங்கன்னு நினைச்சுக்கிட்டான். இன்னிக்கு அண்ணன் கால். இது இப்படியே போயிட்டா நாளைக்கும் எவனாவது குறுக்க நிப்பான், இவன் இதே மாதிரி நேரா போவான். அப்ப யாரு காலு, யாரு உசுரு? வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியலைங்க."

அப்போது பார்த்துத் தூண் இறக்கும் இயந்திரம் அடிக்கத் தொடங்கியது. அதிகாரி சின்னவனைப் பார்த்து மறுபடி கேட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றான்.

உரிமம் போயிற்று. வழக்கும் வந்தது. நிதானம் புகார் கொடுக்க மறுத்துவிட்டதால் சிறை வரைக்கும் போகவில்லை. ஓட்டலில் அவனை அன்றைக்கே போகச் சொல்லிவிட்டார்கள், ஹாரன் அடிக்கச் சொன்னது யார் என்பது யாருக்குமே நினைவில்லை. விசாரணையின் முடிவில், வெயில் காலம் முடியும் வரை விசைப்படகுகள் வாய்க்காலுக்குள் வரக் கூடாது என்று வரிசையாகச் சிவப்பு மிதவைகளைக் கட்டினார்கள். கட்டியபோது திட்டில் பறவைகள் இல்லை.

சின்னவன் பையோடு புறப்பட்டபோது அண்ணி வாசலில் நின்றாள். போகிற வழிக்குச் சோறு கட்டி வைத்திருந்தாள். அவன் பொட்டலத்தைப் பார்த்தான், வாங்கவில்லை.

"அண்ணனே விட்டுட்டான். உங்களால விட முடியலல்ல?" என்றான். "போதாதான்னு கேட்டேன். போதாதுன்னு அங்கயே சொல்லியிருக்கலாம்."

அவன் தெருமுனை திரும்பும் வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. டெலிபோன் அம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஊருக்குக் கிளம்புகிற அன்று அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

நிதானம் அண்ணியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, கோபக் குரல் இல்லை. வேண்டியதைக் கேட்பார், கொடுத்ததைச் சாப்பிடுவார். மற்றபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மழை வந்தது, போனது. அவர் ஊன்றுகோலோடு நடக்கப் பழகினார். படகு ஓட்டுகிற கால் அது இல்லை. உடைந்த படகுக்குப் பதில் ஒரு பழைய படகை வாங்கி அண்ணியே துடுப்புப் போடத் தொடங்கினாள். முதலில் கையெல்லாம் கொப்புளம். அவள் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்ததை ஒரு நாள் நிதானம் பார்த்தார்.

"துடுப்பை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதே" என்றார். அதுதான் அவர் முதலில் பேசியது. "அது எங்கயும் ஓடிடாது."

ஓட்டலின் மூன்றாவது கட்டடம் முடிந்து திறந்தார்கள். சாயங்காலமானால் அதன் நிழல் கழியில் பாதியை மூடியது.

மறுபடி வெயில் காலம் வந்தபோது ஆலாக்கள் வந்தன. முன்பு போல இல்லை. திட்டின் தெற்கு முனையில் மட்டும் சின்னக் கூட்டம். அண்ணி ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்த் தூரத்தில் படகை நிறுத்தினாள். அப்பா, அம்மா, ஒரு சின்னப் பெண்.

"கை தட்டினா பறக்குமா?" என்று அந்த அப்பா கேட்டார்.

"பறக்கும். தட்டாதீங்க."

"ஒரே ஒரு தடவை. பாப்பாவுக்காக."

"இறங்கித் தண்ணியில நின்னுக்கிட்டுத் தட்டுங்க. நான் படகை எடுத்துட்டுப் போயிடுறேன்" என்றாள் அண்ணி. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு அவரும் நிறுத்திக்கொண்டார். சின்னப் பெண் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பறவைகளைப் பார்த்தது. அவை வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தன.

அவள் வீட்டுக்கு வந்து துடுப்பைச் சுவரில் சாத்தியபோது, நிதானம் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சின்னவன் பேசினான்."

அவள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கயோ ஆத்துல ஆளுங்களை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போற படகாம். அதுல கயிறு கட்டுற வேலை. ஓட்ட விடலையாம்."

"ம்."

"அண்ணி இன்னும் என்மேல கோவமா இருக்காங்களான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கோவிச்சுக்க வேண்டியது நீதானேடா, மறந்துட்டியான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

நிதானம் வழக்கம் போல நேரம் எடுத்துக்கொண்டார். "சிரிச்சான்" என்றார்.

"சிரிச்சானா?"

"சிரிச்சான்."

அண்ணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.